மஞ்சளாய் ஒரு துளி!

போன் அலறியது!

திருச்சி. 1964. அந்த ஆஸ்பத்திரி லேபில் டாக்டர் லூர்துராணி மட்டும் இருந்தாள்.

மாலையில் அந்த போன் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் அடிக்கும். 'சாப்பிட்டீங்களா?' கேட்பவன் சர்ஜன் கிளமென்ட். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று வாழும் அவளை வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இன்று கேள்வி வேறு.

"ராணி... சகாயம் கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா! ஒரு மணி நேரந்தான் ஆகுது. முதுகுல எடுத்த தண்ணி வந்துச்சா?"

சகாயம்மாள் அவன் மனைவி. பக்கத்து வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள்.

"வந்துச்சு டாக்டர். மெஷின்ல சுத்துது. பார்த்துட்டுச் சொல்றேன்."

மெஷின் நின்றது. சிவப்பு அடியில் படிந்திருந்தது. மேலே நின்ற நீர்...

மஞ்சள்!

மூளையைச் சுற்றி ஓடி முதுகுத்தண்டில் இறங்கும் அந்த நீரில் புது ரத்தம் கலந்திருந்தால், மேலே நிறமில்லாத வெறும் தண்ணீராய்த் தெளிந்திருக்கும். ரத்தம் உடைந்து இவ்வளவு மஞ்சளாக அரை நாளாவது வேண்டும்.

அடி விழுந்தது நேற்று!

இரண்டு போன் செய்தாள். அரை மணி கழித்துச் செய்த இரண்டாவதுதான் கிளமென்ட்டுக்கு.

வந்தான். ஸ்டாண்டில் இருந்த மஞ்சள் டியூபைக் காட்டினாள்.

"அவளுக்கு மஞ்சக்காமாலை ராணி. அதான்!"

"ரத்தத்தையும் சோதிச்சுட்டேன். காமாலையே இல்ல."

அவன் கதவைச் சாத்தினான்.

"நேத்து சண்டை... கைக்குக் கிடைச்ச கட்டையால... சரி, விடுங்க. புது ரத்தம்னு எழுதிடுங்க. அவ விடியறவரைக்கும் தாங்க மாட்டா... அதை நான் பார்த்துக்கறேன். அப்புறம் நீங்க தனியா சாப்பிட வேண்டாம்."

இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை மாலைகள் காத்திருந்தாள்! பாழாய்ப்போன மனசு.

"மாட்டேன்."

அவன் அந்த மஞ்சள் டியூபைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினான். குழாயைத் திறந்துவிட்டான்.

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"இன்னொண்ணு கலக்கணும். நீங்க கொட்டுனது டைக்ரோமேட் மருந்து. எவ்வளவு மஞ்சள்னு பக்கத்துல வெச்சு ஒப்பிட, லேப்ல நாங்களே கலந்து வெச்சுக்கறது. கத்தி புடிக்கிற உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

பின்னறைக் கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் பரக்கத் அலி! கையில் நிஜ டியூப்.

கிளமென்ட்டை ஜீப்பில் ஏற்றிவிட்டு, வார்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு, இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். லூர்துராணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"பார்த்துக் கேளுங்க சார்... இதைக் கேட்டவரைத்தான் இப்ப ஜீப்ல ஏத்துனீங்க!"