ரொட்டி வரிசையில் கடைசி ஆள்

போன் திரையில் இருந்த ரொட்டி வரிசைப் பட்டியலில், ஓய்வுபெற்ற ஆசிரியை செனைதாவின் பெயருக்குக் கீழே ஒரு வெற்று வரி இருந்தது. பெயர் போடாமல் யாரும் வரிசையில் சேர முடியாதபடிதான் யர்மிலா அந்தப் பக்கத்தை எழுதியிருந்தாள். ஏதோ பிழை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

மன்சானில்யோ ஊரில் மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் படுத்துவிடும், இணையமும் போய்விடும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் யர்மிலா தன் பழைய போனிலேயே, ஒரு செயலிக்குள், ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன சர்வர் ஒன்றை ஓடவிட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். தெருக்காரர்கள் அந்தப் போனின் வைஃபையில் சேர்ந்து, பெயரைத் தட்டி, 'யார் கடைசி?' என்ற பொத்தானை அழுத்துவார்கள். தமக்கு முன்னால் நிற்பவரின் பெயர் வரும்.

நேரில் நின்றாலும் அந்த ஊரில் அதுதான் முறை. வருகிறவர் 'யார் கடைசி?' என்று கேட்பார். கடைசி ஆள் 'நான்' என்று சொல்லியே தீரவேண்டும். சொல்லாமல் இருப்பதைப்போல மரியாதைக்கேடு வேறில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவைத்துக்கொள்வார்கள். பிறகு வந்தவர் நிழல் பார்த்து உட்காருவார். முன்னவர் எழுந்தால் அவரும் எழுந்து பின்னாலேயே போவார்.

செனைதா ரொட்டி வாங்கிப்போன அன்று மாலையே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, யாரும் பெரிதாக நினைக்கவில்லை. துக்க வீட்டிலும் எதிர்வீட்டு எவெலியோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சொர்க்கத்துலயும் க்யூ இருக்கும் யர்மிலா. அங்கயும் நீதான் ஆளை வரிசைல நிறுத்துவ, பாரேன்."

மறுநாள் வெற்று வரி எவெலியோவின் பெயருக்குக் கீழே இருந்தது. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மாடிப்படியில் ரொட்டிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே விறைத்துப்போயிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு படி மேலே, தூசியில் யாரோ உட்கார்ந்து எழுந்த தடம் இருந்ததாக அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எவெலியோவின் அடக்கம் முடிந்து வந்த மாலை. மத்தியானமே போன மின்சாரம் வரவில்லை. மூடிய ஜன்னல்களுக்குள் மண்ணெண்ணெய் வாடையும் காலையில் கொதித்த காபியின் கசப்பும் தேங்கி நிற்க, குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று மட்டும் இருமிக்கொண்டிருக்க, யர்மிலா போனை எடுத்து சர்வரின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எந்தக் கருவியிலிருந்து கேள்வி வந்தது என்பதை சர்வர் எப்போதும் குறித்துவைக்கும். வெற்று வரிகள் இரண்டுக்கும் ஒரே முகவரிதான் இருந்தது. தெருவில் இருக்கும் எந்தப் போனுடையதும் இல்லை. கேட்டது இந்தப் போனுக்குள்ளிருந்தே.

ரொட்டிக்கடை பூட்டியாகிவிட்டது, வரிசை காலியாக இருக்கவேண்டும். திறந்து பார்த்தாள்.

நயேலி.

கீழே ஒரு வெற்று வரி.

"இதை யாருடி தட்டினா?"

சாப்பாட்டு மேசைப் பக்கத்துப் பெஞ்சில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் பெருமையாக நிமிர்ந்தாள். "நான்தாம்மா. நாளைக்கு நாமதான் முதல்ல வாங்குவோம்."

யர்மிலா மகளின் பெயரை அழித்தாள். மீண்டும் வந்தது. வெற்று வரியை அழித்தாள். அதுவும் வந்தது. தான் எழுதிய நிரல், தன் கையால் எழுதிய ஒவ்வொரு வரியும் தெரியும், அதில் எங்கே கைவைப்பது என்று மட்டும் தெரியவில்லை. செயலியை மூடினாள். சர்வர் நிற்கவில்லை. போன் உள்ளங்கையைச் சுட்டது. பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விடவில்லை. எண்ணினாள். பத்து. பதினைந்து.

திரை இருண்டது.

இனி சர்வர் இல்லை. வரிசை இல்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். குழாய்கூட இருமுவதை நிறுத்தியிருந்தது.

அப்போது கேள்வி வந்தது. தெருவிலிருந்து இல்லை. போனிலிருந்தும் இல்லை. அறைக்குள்ளிருந்து. வெகுநேரம் நின்று தொண்டை வறண்டவர் கேட்பதுபோல, மரியாதையாக.

"யார் கடைசி?"

யர்மிலா மகளின் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். நடுவில் மேசை, எட்டவில்லை.

"நான்தான்," என்றாள் நயேலி. நல்லபடி வளர்ந்த பிள்ளை.

பெஞ்சு கிறீச்சிட்டது. நயேலி திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த இருட்டை அண்ணாந்து நன்றாகப் பார்த்தாள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, முகம் மறக்காமல் இருக்க. பிறகு சற்றே நகர்ந்து, உட்கார இடம் விட்டாள்.