கீழ்வீட்டு ஐயாவின் பங்கு

சமையல்கட்டுக் கல்லின்மேல் யோன்சில் வைத்த சோற்றுக் கிண்ணம், அவள் வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பார்ப்பதற்குள் ஒரு சாண் நகர்ந்திருந்தது. ஈரத்தில் வழுக்கியிருக்கும் என்று நினைத்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். எண்ணெய் பொரிகிற சத்தம், தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம், கீழே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதுகிற சத்தம், இத்தனைக்கும் நடுவில் கல்லின்மேல் பித்தளை உரசுவது மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டது. திரும்பினாள். கிண்ணம் மறுபடியும் நகர்ந்திருந்தது, அறைக் கதவைப் பார்த்து.

அந்தச் சமையல்கட்டுக் கல் ஒரு கல்லறைக் கல். புசானின் இந்தக் குன்றில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. இந்த நாட்டை ஆண்ட காலத்தில் ஜப்பான்காரர்கள் தங்கள் செத்தவர்களை இங்கேதான் வைத்தார்கள். தோற்றுப்போய்க் கப்பலேறியபோது அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு சண்டை வந்து, மூட்டையும் பிள்ளையுமாக வந்திறங்கிய சனத்துக்குச் சமதளத்தில் ஒண்ட இடமில்லாமல் போக, கல்லறைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தார்கள். கூடாரம் சுவரானது. கல், வாசற்படியாகவும் அடுப்பு மேடையாகவும் ஆனது. மழையில் பிள்ளையோடு நிற்பவனுக்குக் கூரைதான் முதலில் வேண்டும், யாரைக் குறை சொல்ல? அதற்கு ஈடாக ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் திவசம் வந்தால் அடியில் கிடப்பவருக்கும் ஒரு கிண்ணம் சோறு. அதுவும் சமையல்கட்டோடு சரி, அறைக்குள் கூடாது. கீழ்வீட்டு ஐயா என்று அவரைக் கேலியாகச் சொல்வார்கள்.

"என்னடி, கீழ்வீட்டு ஐயா சாப்ட்டாச்சா?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டு சொம்ரே தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். கையில் முளைகட்டிய பயறு வதக்கல்.

"எங்கக்கா, கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி விடுறாரு."

"பூண்டு தூக்கலாப் போட்டிருப்ப. அந்த ஊரு நாக்குக்கு ஆகாது." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே மான்சொக் பேரச் சொல்லிப் படைக்கப் போறியா?"

யோன்சில் வாணலியிலிருந்து மீனை எடுத்தாள். சொம்ரே தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் புருஷன் மான்சொக், சூரை மீன் பிடிக்கிற கப்பலில் தூரக் கடலுக்குப் போனவன். கடைசியாகச் சேதி வந்து இன்றோடு ஒரு வருஷம். நேற்றுவரை ராத்திரிதோறும் ஒரு மூடிபோட்ட கிண்ணத்தில் அவனுக்குச் சோறு எடுத்து, அடியில் அடுப்புச் சூடு ஓடுகிற தரை மூலையில் போர்வைக்கடியில் பொத்தி வைத்திருந்தாள். அது உயிரோடு இருப்பவனுக்கு வைக்கிற சோறு. இன்று வைக்கப்போவது வேறு. அவனுடைய அண்ணன் போன வாரமே வந்து உட்கார்ந்துகொண்டு விடவில்லை.

"செத்துட்டார்னு யாரு பார்த்தா மாமா?"

"யாரும் பார்க்கலம்மா. அதான் கொடுமை. பசியோட எங்க அலையுறானோ! பேரச் சொல்லிக் கூப்ட்டு ஒரு வேளை வயிறார போட்டா, நிம்மதியாப் போய்ச் சேருவான்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் இணங்கினாள். கடலில் பிணமாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், பசியோடு கிடக்க வேண்டாம்.

"சீக்கிரம் ஆகட்டும், ராத்திரி ஊரடங்குக்கு முன்னால நான் வீடு போய்ச் சேரணும்," என்று அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் கல்லுக்கடியிலிருந்து தண்ணீர் ஊறிவந்தது. கறுப்பாக, மண்வாடையோடு, கல்லையும் மூடி அடுப்படி முழுக்கப் பரவியது. கிண்ணத்தை வைக்க ஒரு காய்ந்த இடம் இல்லை. யோன்சில் அதைக் கையில் எடுத்தாள். ஒரு கிண்ணம் சோறு அத்தனை கனக்காது. அவசரத்தில் யோசிக்கவில்லை. அறைக்குள், படையல் மேசையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அண்ணன்காரர் கடல் பார்த்த ஜன்னலைத் திறந்தார், மெழுகுவத்தி ஏற்றினார், தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யோன்சிலும் கூப்பிட்டாள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல், அவன் சோற்றின் நடுவில் கரண்டியை நட்டாள். போய்விட்டான், நானே அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மகள் ஒக்கியையும் இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு இறங்கி, காகிதக் கதவைச் சாத்தினார்கள். யாராவது பார்த்தால் செத்தவர்கள் சாப்பிடமாட்டார்கள்.

மழை சட்டென்று தூரமாய்ப் போனதுபோல் இருந்தது. கதவுக் காகிதத்தில் மெழுகுவத்தி வெளிச்சம் ஆடியது. உப்பும் டீசலும் கலந்த ஒரு வாடை, அவன் வீடு திரும்புகிற நாட்களில் துவைக்கத் துவைக்கப் போகாத அதே வாடை, கதவிடுக்கில் வந்தது. காகிதத்தில் ஒரு நிழல். அகன்ற முதுகு, வலை இழுத்து இழுத்துச் சாய்ந்துபோன வலது தோள். யோன்சில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

"அம்மா, அப்பா!" என்றாள் ஒக்கி.

நிழல் உட்கார்ந்தது.

மேசை ஓரத்திலிருந்து இன்னொன்று எழுந்தது. தாழ்வாக. நீளமாக. அதற்குத் தோள் இல்லை.

இரண்டும் ஒன்றாயின.

சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிடுறான்," என்றார் அண்ணன்காரர். அவர் கண்ணில் நீர். "எவ்ளோ பசி, பாவம். எவ்ளோ பசி."

யோன்சில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ முறிந்தது. உறிஞ்சியது. மறுபடி முறிந்தது.

சோற்றில் எலும்பு கிடையாது. மீன் முள் அப்படி முறியாது.

அண்ணன்காரர் முறைப்படி மூன்று தடவை இருமினார். போதும், நாங்கள் உள்ளே வருகிறோம் என்று அர்த்தம். சத்தம் நிற்கவில்லை. இன்னொரு தடவை இருமினார். நிற்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு அடியிலிருந்து மான்சொக்கின் குரல். அவளுக்கு மட்டும் கேட்டது.

"யோன்சில். எதுக்குக் கூப்பிட்டே?"

கதவைத் தள்ளினாள்.

இரண்டு கிண்ணத்திலும் சோறு வைத்தது வைத்தபடி. ஆவி பறந்தது. ஜன்னலிலிருந்து மேசை வரைக்கும் ஈரக் காலடிகள். அவை திரும்பிப் போகவில்லை. மேசைக்குப் பின்னால் விரித்திருந்த மடிப்புத் திரைக்கு அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம். நிதானமாக.

"வயிறாரச் சாப்ட்டானாம்மா?" என்றார் அண்ணன்காரர், முதுகுக்குப் பின்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

திரையின் அடியில் மான்சொக்கின் பாதங்கள் தெரிந்தன. கடலில் ஊறி வெளுத்திருந்தன. விரல்கள் தரையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. காகிதம் கிழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, கிழித்துக்கொண்டே, அவை திரைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தன.