தும்மலில் பறந்த துகள்

"ஹச்!"

ஒரே ஒரு தும்மல்தான். நுண்ணோக்கியில் பதிந்த கண்ணை எடுக்காமலே உறைந்துபோனாள் பாண்டிமீனா. அழுத்திச் சோதிப்பதற்காக இரண்டு வைரங்களுக்கு நடுவே, ஊசிமுனையில் ஏந்தி அவள் வைத்த பொன்னிறத் துகள்... காணோம்!

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

ஆய்வகத்து ஏசியைப் பழுதுபார்க்க வந்தவன், ஆர்வத்தில் மேசைமேல் கையூன்றி எட்டிப் பார்த்திருந்தான். நனைந்த சட்டைப் பையில் 'ஜெயபாண்டி' என்று தைத்திருந்தது.

"மழைல வந்தேங்க... ஏதோ தூசி போயிருச்சாக்கும்?"

"தூசியா? நைட்ரைடுங்கற படிகம்! இருந்ததே அது ஒண்ணுதான். நாளைக்கு எக்ஸ்ரே மெஷின்ல என் முறை. விட்டா அடுத்த வருஷந்தான். கிளம்புங்க நீங்க!"

"தேடிக் குடுத்துட்டே போறேன். ஆனா அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீக. அம்புட்டு வயசாகல."

சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போது எதற்கு இந்தச் சிரிப்பு?

மேசை முழுக்கத் தேடியாயிற்று. அவனுடைய சட்டைக் கைதான் மிச்சம்.

"லென்ஸுக்கு அடியில கைய வைங்க. மூச்சு விடக் கூடாது."

அவன் மூச்சை அடக்கினான். அவளும் அடக்கியிருந்தாள்... ஈர நூலிழைகளுக்குள் பொன்னாய் ஒரு மினுக்கல்! நிமிர்ந்தாள். மிக அருகே அவன் கண்கள். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி.

துகளை மறுபடி வைத்து, வைரங்களை நெருக்கும் திருகுகளை மெல்ல முறுக்கினாள்.

"இம்புட்டு அமுக்குனா நொறுங்காதா?"

"லேசுல மசியாது. ஒரு கட்டத்துல உள்ள அணுவெல்லாம் இடம் மாறி உக்காரும். அழுத்தத்தை எடுத்தா பழையபடி ஆகிரும்னு நினைக்கிறேன்."

"உங்கள மாதிரியே கெட்டிதான்," என்றபடி ஏசியைச் சரிசெய்யப் போனான்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது... அவள் ரோஷம் அதை அங்கேயே பிடித்து வைத்தது. அவன் போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே நாகமலையில் மழை விட்டிருந்தது. அவளுக்குத்தான் விடவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். முகக்கவசத்தோடு!

"ஏசி ஜில்லுன்னுதானே ஓடுது? யாரு கம்ப்ளைன்ட் குடுத்தது?"

"நான்தான்."

கவசத்துக்கு மேலே கண்கள் விரிந்தன.

"அன்னிக்குக் கத்திட்டேன்... சாரி. அப்புறம், அழுத்தத்தை எடுத்துட்டேன். அது பழையபடி திரும்பவே இல்ல."

"துகளா?"

"துகளும்..." தலை குனிந்துகொண்டது.

மெல்ல அவன் முகக்கவசத்தைக் கழற்றினான். அந்தச் சிரிப்பை இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்தானே...

"அப்ப கம்ப்ளைன்டுல என்னன்னு எழுத?"

"சரியாயிருச்சுன்னு எழுதுங்க... ஜெயபாண்டி."