அழித்த ஃபைலில் ஒட்டிய பெயர்

"ஆளு காலை நசுக்குற பொண்ணையா நான் பெத்தேன்?" என்று கத்திக்கொண்டேதான் கிடங்கில் மூட்டை தூக்கும் மூட்டைக்காரர் துப்பறியும் அம்மாளின் அறைக்குள் நுழைந்தார்.

அந்தக் கிடங்கின் சரக்கு லிஃப்ட், வாசலில் ஆள் நிற்கும்போதே கதவை மூடி, மூட்டைக்காரருடைய கூட்டாளியின் காலை நசுக்கிவிட்டது. அதை இயக்கும் கணினி நிரலில் கோளாறு; எழுதியவள் அங்கேயே கணினி வேலை பார்க்கும் அவர் மகள் என்று மேலாளர் கைகாட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் தப்பை ஒப்புக்கொண்டு அவள் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் போலீஸ்.

அம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிடங்கு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

"அந்த நிரல் ஃபைலைத்தான் விபத்துக்கப்புறம் அழிச்சாச்சே," என்றார் மேலாளர். "இனி எதைப் பார்ப்பீங்க?"

"ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் கணினி பழைய பிரதியை எடுத்து வச்சுக்கும்மா, அழிச்சதுக்கு முந்தினதும் இருக்கும்," என்றாள் மகள். "வரிக்கு வரி பேரோட காட்டும்."

திறந்தாள். எல்லா வரியிலும் அவள் பெயரே. மேலாளர் சிரித்தார்.

"அண்ணே, இந்த லிஃப்ட் எப்பலேர்ந்து ஓடுது?" என்று கேட்டார் அம்மாள்.

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து. இவ அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா!"

"பள்ளிக்கூடப் பிள்ளையா இதெல்லாம் எழுதுச்சு? நீ என்னம்மா செஞ்ச?"

"வரிங்க கோணல்மாணலா இருந்துச்சும்மா. ஓரத்து இடைவெளியை மட்டும் ஒழுங்குபண்ணேன். ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

"கடைசியா தொட்டவங்க பேருதான் வரியில ஒட்டும். தூசி தட்டினவளும் தொட்டவதானே? நீ தொடுறதுக்கு முந்தின பிரதிக்குப் போ."

இப்போது வரிக்கொரு பெயர் வந்தது. வாசலில் ஆள் நின்றால் கதவை நிறுத்தும் வரி மட்டும் வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மேலாளரின் பெயர். ஃபைலை அழித்தவர் பெயரைப் பார்த்தால், அதுவும் அவரேதான்.

"சரக்கு தேங்கிடுச்சு... கதவு சும்மா சும்மா நின்னுச்சு... ரெண்டு நாளைக்குன்னுதான்..." என்று இழுத்தார் மேலாளர்.

"பெருக்கினவ தலையிலயாய்யா குப்பை போட்ட பழி?" மூட்டைக்காரரின் குரலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. "தேங்கின சரக்கை நாளைக்கு இறக்கலாம். நசுங்கின காலு முளைக்குமா?"

மகளுக்காக மேலாளர் தயாராக வைத்திருந்த ஒப்புதல் தாளை மூட்டைக்காரர் அவர் பக்கமே தள்ளினார்.

"எல்லாம் நீங்க எழுதினதுதானே சார். பேரை மட்டும் மாத்திக்கங்க."