தீபா உட்காரும் பக்கம்

தம்பியோடு திலகவதி சேவூர் வீட்டின் பூட்டைத் திறந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே மட்டும் ஈரப் பட்டின் வாடை, நேற்றுதான் யாரோ தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டது போல.

மனைவி தீபாவைக் கொன்றதாகக் கோர்ட்டில் தானே ஒத்துக்கொண்டு, ஆயுள் தண்டனை வாங்கியவன் தனசேகரன். போலீஸ் அடிக்குப் பயந்து சொல்லியிருப்பான் என்று அவன் அக்கா திலகவதி ஒற்றைக் காலில் நின்றாள். ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளியது. அவள் டெல்லி வரைக்கும் போனாள். தண்டனை ரத்தாகி, விசாரணையை முதலிலிருந்து நடத்தச் சொல்லி ஜாமீனும் கிடைத்தது.

வந்தவன் முகத்தில்தான் களை இல்லை. மனசு மாறட்டும் என்று திலகவதி தறியைத் துடைத்தாள். பாதி நெய்த கோர்வைப் புடவை எலிகூடத் தொடாமல் கிடந்தது. ஒருவர் புடவையின் உடலை நெய்தால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அது தீபாவின் வேலை.

"உக்காருடா சேகரு. நான் கரை போடறேன்."

அவன் தறிக்குழியில் இறங்கினான். அவள் தீபாவின் பலகையில் உட்கார்ந்தாள்.

கையை நீட்டும் முன்பே நாடா ஓடியது.

அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது.

"எழுந்துடுக்கா," என்றான் தனசேகரன் மெதுவாக. "அது அவ இடம்."

"யாருடா?"

"நான் ஒத்துகினப்போ போய்ட்டா. ஜெயில்ல நிம்மதியா தூங்கிகினு இருந்தேன். நீ அப்பீல் போட்டதும் வந்துட்டா. ஒவ்வொரு மனுவுக்கும் கிட்ட கிட்ட வந்துகினே இருக்கா."

"அப்ப நீதானா?"

அவன் கரையைத் தடவிக்கொண்டிருந்தான். திலகவதி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

விசாரணை நாளில் ஜட்ஜ் கேட்டார். "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

தனசேகரன் அக்காவைத் தேடினான். உண்மையைச் சொல்லிவிட்டு இவன் தூங்கட்டும் என்றுதான் அவளும் நினைத்து வந்திருந்தாள். கூண்டில் மெலிந்து நின்றவனைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இல்லை என்று சொல்லும்படி தலையாட்டினாள்.

"இல்லீங்க ஐயா."

சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்து, பாரம் இறங்கியவன் போல மூச்சு விட்டான்.

கோர்ட் டவாலி குனிந்து திலகவதியின் காதருகே வந்தார்.

"பக்கத்துல உக்காந்துகினு இருக்கறவங்க யாரும்மா? சாட்சின்னா வெளிய இருக்கச் சொல்லுங்க."

அந்த பெஞ்சில் அவள் மட்டும்தான் இருந்தாள்.