பதினோரு சிவப்புப் பட்டைகள்

கழுத்துதான் முதலில் பிடித்துக்கொண்டது. பதினைந்து வயதில் செங்கல் சுமந்த கழுத்து. இப்போது கணினி முன்னால் குனிந்தாலும் அதே இடத்தில்தான் சுருக்கென்று இழுக்கும். கிடங்குக்கு மேலே இருந்த அந்த அறைக்கு அவள் நிரல் எழுதும் வேலைக்கு வந்து மூன்றாம் நாள். மாலைக்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கல்லும் மண்ணும்.

வேலை சின்னதுதான். பங்குச் சந்தை வரைபடத்தில் ஒரு நாள் விலைக்கு ஒரு கேண்டில், அதாவது மெழுகுவர்த்தி வடிவக் கட்டம். விலை இறங்கப்போகும் குறி வந்தால் பின்னணி சிவக்க வேண்டும். ஏறப்போகும் குறி வரும்வரை சிவப்பு நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கேண்டிலுக்கும் நிரல் புதிதாக ஓடி, முந்தைய நிறத்தை மறந்துவிடும். ஒரே ஒரு நாளின் பட்டை சிவந்து அணைந்துபோகும். நிறத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் வரியை அவள் இன்னும் எழுதவே இல்லை.

ஆனாலும் திரையில் சிவப்பு நின்றது.

எண்ணிப் பார்த்தாள். பதினோரு பட்டைகள். ஏறும் குறி எதுவும் வராமலே பதினொன்றோடு முடிந்திருந்தது. நிரலில் பதினொன்று என்ற எண்ணே கிடையாது.

நிறத்துக்கான வரியையே அழித்தாள்.

சிவப்பு போகவில்லை.

ஜன்னலில் மூன்று மணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பிடரியில் மட்டும் யாரோ குனிந்து மூச்சு விடுவதுபோல் ஈரம். கூடவே தைல வாடை. அவள் தைலம் தேய்ப்பதே இல்லை.

“அய்யோ, அந்த நாற்காலியா?” துடைப்பத்தோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். “முன்னாடி இருந்த தம்பி அதுலதான் உக்காந்தபடியே செத்துப்போனான். முதலாளி நாற்காலிய மாத்த மாட்டாரு, ஆளைத்தான் மாத்துவாரு.”

“எப்பக்கா?”

“போன மாசம் ஏழாந்தேதி. நெஞ்சு வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டே லீவு கேட்டான். பதினோரு நாள் லீவு பாக்கி கெடந்துச்சு. முதலாளி ‘இந்தச் சிவப்பை நிக்க வெச்சுட்டுப் போ’ன்னுட்டாரு.”

முதல் பட்டையின் மேல் சுட்டியை வைத்தாள்.

போன மாதம் ஏழாம் தேதி.

அவள் அசையவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் சுட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்தவர்களைத் தூக்கிப்போன கை அது. அவளுக்குத் தெரிந்தவரை, செத்தவர்கள் யாரையும் வேலைக்கு விரட்டியதில்லை.

“பயமுறுத்தாத தம்பி,” என்று கிசுகிசுத்தாள். “உன் லீவை நான் கேக்குறேன். தள்ளி நில்லு.”

மூச்சு விலகியது.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார். “அடேயப்பா, சிவப்பு நின்னுடுச்சே! ஆனா ஏன் பாதியிலயே முடியுது?”

“அது அந்தத் தம்பியோட லீவு சார். அவர் கணக்குல எழுதி, அந்தச் சம்பளத்தை அவர் வீட்டுல குடுங்க.”

“செத்தவனுக்கு எதுக்கும்மா லீவு? அழிச்சுட்டு ஒழுங்கா போடு. இல்லைன்னா நாளைக்கு வராத.”

“அழிக்க மாட்டேன். நாளைக்கும் வர மாட்டேன்.”

எழுந்தாள். சுவரிலிருந்து மின்வடத்தைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டாள். கணினி விசிறியின் சத்தம் ஓய்ந்தது. திரை கருத்தது.

பதினோரு பட்டைகள் மட்டும் கருக்கவில்லை.

அவள் கழுத்தை நிமிர்த்திப் படியிறங்கும்போது, மேலே காலி நாற்காலி மெல்ல முதலாளி பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

பாக்கி இன்னும் அப்படியே இருக்கிறது: பதினோரு நாள் லீவு.