பின் சீட்டின் வலது பக்கம்

முதலில் வந்தது வாசனைதான். முடி கருகும் வாசனை. காரின் முன்பக்கம் குனிந்து, ஆறு வோல்ட் பல்பைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் பல்பைப் பொருத்திக்கொண்டிருந்த அத்மாசு, தன் தலைதான் எங்காவது பட்டுவிட்டதோ என்று தடவிப் பார்த்தான். அங்கே கருகுவதற்கு அவ்வளவாக ஒன்றும் மிச்சமில்லை. பிறகுதான் அந்தப் பழைய பீட்டில் காரின் பின் சீட்டிலிருந்து மெல்லிசாகப் புகை எழுவதைக் கண்டான்.

ஓடிப்போய்ச் சீட்டைத் தூக்கினான். அடியில், வலது பக்கம், அரைமணி நேரத்துக்கு முன்னால் அவன் வைத்த புது பேட்டரி. அதன் முனைகளில் சீட்டின் ஸ்பிரிங்குகள் அழுந்திப் பொறி பறந்திருந்தது. மேலே திணித்திருந்த குதிரைமுடி ஒரு கையகலத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. ஈரச் சாக்கை வைத்து அமுக்கி அணைத்தான்.

காரணம் அவனுக்குத் தெரியும். பழைய ஆறு வோல்ட் பேட்டரி குட்டை, பன்னிரண்டு வோல்ட் அதைவிட இரண்டு விரல் உயரம். மேலே கனமான ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கி முனையைத் தொட்டுவிடும். அடிஸ் அபாபாவில் பீட்டிலைப் பன்னிரண்டுக்கு மாற்றுகிற எவனும் பேட்டரிமேல் பழைய டியூப் ரப்பரை ஒரு துண்டு போட்டுத்தான் சீட்டை மூடுவான். அத்மாசு மறந்துவிட்டான். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லாதவனுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்.

ஆனால் மேலே யாரும் உட்காரவில்லை.

அவன் மனைவி அஸ்கலேவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், விடிந்தும் விடியாமலும் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் அவளுக்குக் கிடைத்தது அந்த நேரம்தான். வீடு இருக்கும் ஷிரோ மேடா மேட்டிலிருந்து இறங்க இரண்டு மினிபஸ் மாற வேண்டும். போன வாரம் மழையில், வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். அன்றைய முறை தவறியது. இனி ஒருமுறை தவறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு அத்மாசுவிடம் மட்டும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கார். காரை விற்ற வீட்டுப் பையன் சாவியைக் கேட்டுக்கு வெளியே நின்றே கொடுத்தான். வண்டிப் பக்கம் வரவில்லை. அதைப் பற்றி யோசிக்க அத்மாசுவுக்குத் தெம்பில்லை. ஆறு வோல்ட்டில் அது குளிரில் கிளம்பாது, பனியில் அதன் விளக்கு தரைக்கே எட்டாது என்பது மட்டும் மண்டையில் இருந்தது. பகலெல்லாம் பட்டறையில் அடுத்தவன் வண்டி, சாயங்காலம் தன் வண்டி என்று டைனமோ, ரெகுலேட்டர், காயில் எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தான். நாளைக்குக் காலையில் அவளைக் கூட்டிப்போக வேண்டும்.

பக்கத்துக் கேட்டில் பஞ்சர் ஒட்டும் ஷிபேஷியிடம் போய் ரப்பர் கேட்டான்.

"எதுக்கு, ஸ்பிரிங் தொட்டுடுச்சா?"

"ம்."

"யாரை உக்கார வெச்ச? உன் மாமியார் ஊர்லேருந்து வந்துட்டாங்களா?"

"யாரும் உக்காரலப்பா."

"யாரும் உக்காராம எப்படித் தொடும்?" ஷிபேஷி லாரி டியூபில் ஒரு துண்டை வெட்டி நீட்டினான். "உன் மூஞ்சியப் பாரு. போய்ப் படு முதல்ல. நாளைக்கு நீயே மெஷின்ல படுக்க வேண்டியிருக்கும்."

அத்மாசு சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

ரப்பரைப் போட்டுச் சீட்டை மூடினான். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்காது என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் இடது பக்க ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து ஃப்யூஸ் மாட்டும்போது அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, மிக அருகில், பழைய கம்பி மெதுவாக முனகியது. நெடுநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவர் இடுப்பை நகர்த்தி வசதி செய்துகொள்வாரே, அந்த முனகல். அவன் அசையாமல் படுத்திருந்தான். மறுபடி வரவில்லை. கழுத்து வலித்தது, எழுந்தான்.

இருட்டுகிற நேரத்துக்கு ஹெட்லைட்டைச் சரிபார்த்தான். எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு வெளிச்ச வட்டமும் கோட்டுக்குக் கீழே நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருகி வைத்தான். வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். மூன்று நாளில் முதல்முறையாக அவனுக்கு மனம் கொஞ்சம் நிறைந்தது. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வட்டங்கள் மேலே ஏறின.

அவசரமில்லாமல், ஒரு சாண் அளவுக்கு, இரண்டும் சேர்ந்தாற்போல ஏறிக் கோட்டைத் தாண்டி நின்றன. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால்தான் முன் வெளிச்சம் அப்படி ஏறும். அவன் எட்டிப் பார்த்தான். பின் வலது சக்கரத்தை மட்கார்டு பாதி மூடியிருந்தது. காருக்குள் யாரும் இல்லை.

"யாரு?" என்றான். கேட்டபிறகு தனக்கே வெட்கமாக இருந்தது.

சீட்டைத் தூக்கியபோது அது கனத்தது. சற்றுமுன் ஒரு கையால் தூக்கியதற்கு இப்போது இரண்டு கையும் தேவைப்பட்டன. பிறகு சட்டென்று கனம் விட்டுப்போய்ச் சீட்டு கையோடு வந்தது. லாரி டியூப் ரப்பரில் ஸ்பிரிங்குகளின் வளையங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் ரப்பர் அறுந்தே போயிருந்தது.

பேட்டரியால் வந்ததல்ல இது என்று அவனுக்கு அப்போது புரிந்தது. குட்டை பேட்டரி இருந்தவரைக்கும் ஸ்பிரிங் எதையும் தொடவில்லை, அவ்வளவுதான். ஏதோ ஒன்று எப்போதிருந்தோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பயந்திருக்க வேண்டும். பயந்தான்தான். ஆனால் பயத்துக்கு அடியில் அதைவிடப் பெரிதாக அசதி கிடந்தது. இந்த வண்டி இல்லையென்றால் நாளைக்கு மினிபஸ் வரிசை, மழை, அஸ்கலேவின் வீங்கிய கால். முன்னால் உட்கார வைக்கலாமென்றால் டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டின் தண்டவாளம் துருப்பிடித்து உடைந்து, சீட்டையே கழற்றி வெளியே போட்டிருந்தான். இந்தச் சீட்டையும் எடுத்துவிட்டால் நோயாளியைத் தகரத்திலா உட்கார வைப்பது? ரப்பரை நான்காக மடித்துப் போட்டு மூடினான். ஸ்பிரிங் வலது பக்கத்தில்தானே இறங்குகிறது, அவளை இடது பக்கம் உட்கார வைத்துவிட்டால் போயிற்று. அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விடியற்காலையில் சாவியைத் திருகியதுமே என்ஜின் பிடித்துக்கொண்டது. அஸ்கலே வெள்ளை நெத்தலாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முன் சீட்டு இருந்த இடைவெளி வழியாகக் குனிந்து ஏறினாள்.

"இந்தப் பக்கம், எனக்குப் பின்னால உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம்."

"ஏன், அங்க யாருக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்க?"

"பேட்டரி இருக்கு."

மேட்டிலிருந்து இறங்கினார்கள். யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே பனி அடைத்திருந்தது, புது விளக்கு அதை நன்றாகவே வெட்டிக்கொண்டு போனது. எதிரே வந்த மினிபஸ்காரன் கண் கூசி ஹாரன் அடித்தான். வெளிச்சம் மரக்கிளைகளில் போய் விழுந்தது. அத்தனை உயரத்தில்.

மினிபஸ் நிறுத்தத்தைக் கடந்தார்கள். நூறு பேருக்குக் குறையாமல் மழையில் நின்றார்கள். அவளை இங்கேயே இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் அவன் கால் பிரேக்கைத் தேடியது. பின்னாலிருந்து அஸ்கலே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவன் நிறுத்தவில்லை.

"குளிருதா?" என்றான்.

"இல்ல. இந்தப் பக்கம் வெதுவெதுன்னு இருக்கு."

ஸ்பிரிங் முனகியது.

"அஸ்கலே, ஓரமா உக்காரு. கதவோரம்."

"விடு அத்மாசு. பஸ்ல உன் தோள்ல சாஞ்சா கழுத்து வலிக்குதுன்னு நகர்ந்துக்குவ." அவள் குரலில் தூக்கம் ஏறியிருந்தது. "இப்பதான் நல்லா சாஞ்சிருக்கேன். எழுப்பாத."

அவன் கண்ணாடியைத் திருப்பினான்.

அவள் சீட்டின் நடுவில் இருந்தாள். தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. நெத்தலா அவள் கன்னத்துக்கடியில் அழுந்தி மடிந்திருந்தது, ஒரு தோள்பட்டையின் அளவுக்கு. பல மாதமாக அவன் பார்க்காத நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு முதலில் வந்தது பொறாமை.

"அஸ்கலே."

இன்னும் உரக்கக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு இன்னும் ஒரு திருப்பம். ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி பின்பாரத்தோடு கனத்துப் போனது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

வலது பக்க ஜன்னலில், யாருமில்லாத இடத்துக்கு நேரே, ஆவி படிந்திருந்தது. பரவியது. சுருங்கியது. மறுபடி பரவியது. சீராக, நிதானமாக, நன்றாக ஓய்வெடுத்த ஒருவரின் மூச்சு.

அவள் பக்கத்து ஜன்னல் ஆவியே படியாமல், துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வெளியே வழிகிற மழைத்துளி ஒவ்வொன்றும் அதில் தெளிவாகத் தெரிந்தது.